புகார் எண் என்ன?

மாரெட்பள்ளி செகந்திராபாத்தில் உள்ளது. கிழக்கு மாரெட்பள்ளி, மேற்கு மாரெட்பள்ளி என இரு பகுதிகள். தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே நெடுங்காலமாக வாழ்கின்றன.

இங்கே ஒரு தெருவில் தையல் வேலை செய்யும் பெண் ஒருவர் இருக்கிறார். ரவிக்கை மாதிரிப் படங்கள் அவர் கைப்பேசிக்கு வரும். தையல் கூலியும் கைப்பேசி வழியாகவே வரும். மகள் பாடம் படிப்பதும் வீட்டு இணையத்தில்தான். அந்த இணையம் ஐந்து நாளாக இல்லை.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கேட்டார்:

“என்னம்மா, முகம் வாடியிருக்கே?”

“என்னத்தைச் சொல்ல, அண்ணா! அஞ்சு நாளா நெட் இல்லை. ஆறு தடவை போன் போட்டேன். ‘நாளைக்கு ஆள் வரும்’ என்கிறார்கள். நாளை வருது. ஆள்தான் வரலை.”

“புகார் எண் என்ன?”

“எண்ணா? அப்படி ஒண்ணும் வாங்கலையே!”

“அங்கேதான் தப்பு. நான் வேலை பார்த்த காலத்தில் பதிவுத் தபாலுக்கு ரசீது கொடுப்போம். தபால் போய்ச் சேரலைன்னா ரசீதைக் காட்டிக் கேட்கலாம். எண் இல்லாத புகார், ரசீது இல்லாத தபால் மாதிரி. நாம் பேசினோம் என்பதற்கே சாட்சி கிடையாது.”

பெரியவர் ஒரு நோட்டை எடுத்து வந்தார். இருவரும் உட்கார்ந்து எழுதினார்கள். அவர்கள் எழுதியதை நாமும் படிப்போம்.

நான்கு படிகள்

முதல் படி: நிறுவனத்தின் புகார் மையம். கைப்பேசி என்றால் 198 என்ற எண்ணை அழைக்கலாம். இதற்குக் கட்டணம் இல்லை. வீட்டு இணையம் என்றால் பில்லில் புகார் எண் அச்சிட்டிருக்கும். பேசி முடிக்கும் முன் புகாரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்த எண்ணைத் தர வேண்டியது நிறுவனத்தின் கடமை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2012இல் வகுத்த விதி இது. இந்த ஆணையத்தைச் சுருக்கமாக ‘ட்ராய்’ என்பார்கள். 1997இல் ஏற்பட்டது. இது விதிகளை வகுக்கிறது. தனி ஒருவரின் புகாரை விசாரித்துத் தீர்ப்பது இதன் வேலை அல்ல.

இரண்டாம் படி: மேல்முறையீடு. புகார் தீரவில்லையா? தீர்வு சரியில்லையா? அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் 30 நாட்களுக்குள் முறையிடலாம். இதற்கும் கட்டணம் இல்லை. அவர் 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இப்படி ஒரு படி இருப்பதே பலருக்குத் தெரியாது. புகார் மையத்தோடு சண்டை போட்டுவிட்டு ஓய்ந்து விடுகிறார்கள்.

மூன்றாம் படி: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். அவர்கள் நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிப் பதில் கேட்பார்கள். ஆனால் தீர்ப்பு சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

நான்காம் படி: மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாம் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. மாரெட்பள்ளிக்காரர் ஐதராபாத் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். வாங்கிய சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. குறை நேர்ந்து 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

ஒரு பில்லின் கதை

இந்த நான்காம் படி எளிதாகக் கிடைத்ததல்ல.

முன்பு 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் இருந்தது. தொலைபேசித் தகராறுகளை நடுவரிடம் கொண்டுபோக வேண்டும் என்று அதில் ஒரு பிரிவு உண்டு. அதைக் காட்டி, இந்தத் தகராறுகளை நுகர்வோர் மன்றம் விசாரிக்க முடியாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அது கேரளத்தில், கோழிக்கோட்டில் தொடங்கிய வழக்கு. அதன்பின் பலருடைய புகார்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டன.

குஜராத்தில், அகமதாபாத்தில் ஒருவர். அவருக்கு மாதம் சராசரியாக 555 ரூபாய் கைப்பேசி பில் வரும். 2013 நவம்பர் 8 முதல் டிசம்பர் 7 வரை ஒரு பில் வந்தது. தொகை எவ்வளவு தெரியுமா? 24,609 ரூபாய் 51 காசு! அவர் 2014இல் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். ‘எங்களை இங்கே விசாரிக்க முடியாது’ என்றது நிறுவனம். வழக்கு மேலே மேலே போயிற்று.

2022 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் மீதான புகாரை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்றது. பில் சரியா தவறா என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. யார் விசாரிக்கலாம் என்பதைத்தான் சொன்னது. அது தெரிவதற்கே எட்டு ஆண்டுகள் ஆயின. ஆனால் அவர் ஒருவர் விடாமல் நின்றதால் நம் எல்லோருக்கும் கதவு திறந்தது.

குறை எங்கே இருக்கிறது?

எல்லாக் குறையும் நிறுவனத்தின் அலட்சியத்தால் வருவதில்லை. 2025 ஆகஸ்ட் 17 இரவு ஐதராபாத் ராமந்தாபூரில் கிருஷ்ண ஜெயந்தித் தேர் ஊர்வலம். மின்சாரம் தாக்கி 5 பேர் உயிரிழந்தனர். அதன்பின் மின்கம்பங்களில் தொங்கிய கேபிள்களை மின்துறையினர் நகரெங்கும் அறுத்து அகற்றினர். பல வீடுகளில் இணையம் நின்றது. ஏர்டெல் நிறுவனம் தெலங்கானா உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

மக்களுக்கு உயிரும் வேண்டும், இணையமும் வேண்டும். கம்பத்தில் கொத்துக் கொத்தாகக் கேபிளைத் தொங்க விடுவது ஆபத்து. முறையாகக் கட்டுவது நிறுவனங்களின் பொறுப்பு. எதனால் நின்றது, எப்போது வரும், வராத நாட்களுக்குப் பணம் கழிப்பீர்களா என்று கேட்பது நம் உரிமை.

கணக்குப் போடுவோம்

‘40 எம்பிபிஎஸ் என்று சொல்லி விற்றார்கள். 5தான் வருகிறது’ என்று சிலர் கோபப்படுவதுண்டு. இங்கே கவனம் தேவை. இணைய வேகத்தை ‘பிட்’ கணக்கில் சொல்கிறார்கள். படம், பாட்டு ஆகியவற்றின் அளவை ‘பைட்’ கணக்கில் சொல்கிறார்கள். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆகவே 40 மெகாபிட் வேகத்தில் ஒரு விநாடிக்கு 5 மெகாபைட்தான் இறங்கும்.

விளம்பரத்தில் ‘வரை’ என்ற சொல்லையும் தேடிப் பாருங்கள். ‘40 வரை’ என்றால் எப்போதும் 40 என்று பொருள் இல்லை. சில திட்டங்களில் குறிப்பிட்ட அளவு தீர்ந்ததும் வேகம் குறைந்து விடும். பணம் கட்டும் முன் அந்த அளவைக் கேளுங்கள்.

எண் மாறாமல் நிறுவனம் மாறலாம்

கேட்டும் பயன் இல்லையா? கைப்பேசி எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்குப் போகலாம். 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் இந்த வசதி உண்டு. PORT என்ற ஆங்கிலச் சொல்லையும், இடம் விட்டு உங்கள் எண்ணையும் எழுதி 1900க்குச் செய்தி அனுப்ப வேண்டும். ஒரு குறியீடு வரும். அதோடு புதிய நிறுவனத்திடம் போகலாம். பழைய பில் பாக்கி இருந்தால் முதலில் கட்டிவிட வேண்டும்.

மாதிரிக் கடிதம்

அனுப்புநர்: ..................
பெறுநர்: மேல்முறையீட்டு அலுவலர், ..................

ஐயா / அம்மா,

என் இணைப்பு எண் ............. இந்த இணைப்பு ........... தேதி முதல் வேலை செய்யவில்லை. ........... தேதி புகார் செய்தேன். புகார் எண் ............. இதுவரை சரி செய்யவில்லை. உடனே சரி செய்யவும், சேவை இல்லாத நாட்களுக்கு உரிய தொகையைக் கழிக்கவும் வேண்டுகிறேன்.

இடம்: ...........
நாள்: ...........
கையொப்பம்: ...........

விடை கூறுங்கள்

1. புகார் எண்ணை ஏன் எழுதி வைக்க வேண்டும்?
2. மேல்முறையீட்டுக்கு எத்தனை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்?
3. 2022ஆம் ஆண்டுத் தீர்ப்பால் நமக்குக் கிடைத்தது என்ன?
4. 80 மெகாபிட் வேகத்தில் ஒரு விநாடிக்கு எத்தனை மெகாபைட் இறங்கும்?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டு இணைய பில்லை எடுங்கள். புகார் எண் எங்கே அச்சிடப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். அதை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். படிக்கத் தெரியாத ஒருவருக்கும் அதைச் சொல்லிக் கொடுங்கள்.