12 அடி ரூமுக்குள்ள 85 லென்ஸ்: பட்ஜெட்ல ஃபேஷன் ஃபோட்டோகிராஃபி ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒரு பணப்பாடம்



திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் சரவணம்பட்டியிலயோ பீளமேட்டுலயோ ஆஃபீஸ். சனி, ஞாயிறு கேமராவைத் தூக்கிக்கிட்டு திருப்பூர். இப்படி ஒரு பிளான் உங்க மனசுல இருக்கா? நல்ல பிளான்தாங்க. பனியன், டி-ஷர்ட், லெக்கிங்ஸ், குழந்தைங்க துணின்னு திருப்பூர்ல தைச்சு, அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோல விக்கிற சின்ன வியாபாரிங்க நிறைய பேர். எல்லாருக்கும் ஃபோட்டோ வேணும், பெரிய ஸ்டுடியோவுக்குக் கொடுக்க பட்ஜெட் இருக்காது. அந்த இடைவெளியிலதான் உங்களுக்கு வேலை இருக்கு.

ஆனா நம்மள்ல பல பேர் முதல் ஆர்டர் வர்றதுக்கு முன்னாடியே முதல் ஈ.எம்.ஐ.யை ஆரம்பிச்சிடுறோம். நானும் அதைத்தான் பண்ணேன்.

நான் பண்ண தப்பு

என்கிட்ட ஒரு செகண்ட் ஹேண்ட் கிராப் சென்சார் கேமராவும், கூட வந்த 18-55 கிட் லென்ஸும் இருந்துச்சு. "போர்ட்ரெய்ட்டுன்னா 85 மி.மீ.தான்"னு எல்லா வீடியோவுலயும் சொல்றாங்களேன்னு 45,000 ரூபாய்க்கு ஒரு 85 லென்ஸ், 12 மாச "நோ காஸ்ட்" ஈ.எம்.ஐ.யில எடுத்தேன். மாசம் 3,750. அப்போ என் சம்பளம் 32,000.

முதல் ஷூட், திருப்பூர்ல ஒரு சின்ன யூனிட்டோட மாடி ரூம். நீளம் 12 அடி. மாடலை நிக்க வெச்சு நான் பின்னாடி போறேன், போறேன், முதுகு சுவத்துல முட்டிருச்சு. ஃபிரேம்ல இடுப்புக்கு மேலதான் வருது. அவங்களுக்கு வேண்டியது தலையில இருந்து கால் வரைக்கும். கடைசில எல்லாத்தையும் கிட் லென்ஸ்லயே எடுத்தேன். வெளிச்சம் பத்தல, படம் பூரா புள்ளி புள்ளியா வந்துச்சு. அடுத்த ஆர்டர் வரல. ஈ.எம்.ஐ. மட்டும் மாசா மாசம் 5-ஆம் தேதி தவறாம வந்துச்சு.

அன்னைக்கு என்கிட்ட இல்லாதது லென்ஸ் இல்லைங்க, கணக்கு. அந்தக் கணக்கைத்தான் இன்னைக்குப் போடப் போறோம்.

பாடம் 1: லென்ஸ் வாங்கும் முன்னாடி டேப் எடுங்க

ஒரு ஆள் முழுசா தெரியணும்னா, மேல கீழ கொஞ்சம் இடம் விட்டு 2 மீட்டர், அதாவது 2,000 மி.மீ. உயரம் ஃபிரேமுக்குள்ள வரணும். சூத்திரம் ரொம்ப சுலபம்:

தூரம் = லென்ஸ் மி.மீ. × 2,000 ÷ சென்சாரோட நீளப் பக்கம்

கேனான் கிராப் சென்சாரோட நீளப் பக்கம் சுமார் 22.3 மி.மீ. நிக்கான், சோனியில சுமார் 23.5. கேனானுக்குப் போட்டுப் பார்த்தா:

- 35 மி.மீ. லென்ஸ்: 3.1 மீட்டர், சுமார் 10 அடி
- 50 மி.மீ. லென்ஸ்: 4.5 மீட்டர், சுமார் 15 அடி
- 85 மி.மீ. லென்ஸ்: 7.6 மீட்டர், சுமார் 25 அடி

இது கேமராவுக்கும் மாடலுக்கும் நடுவுல உள்ள தூரம் மட்டும்தான். மாடலுக்கும் பின்சுவத்துக்கும் 3 அடி, நீங்க நிக்க 2 அடி சேர்த்துக்குங்க. அப்போ 35-க்கு 15 அடி ரூம், 50-க்கு 20 அடி, 85-க்கு 30 அடி வேணும். உங்களுக்குக் கிடைக்கப்போற இடத்துல 30 அடி இருக்கா?

"அப்போ 85 ஏன் போர்ட்ரெய்ட் லென்ஸ்?" நியாயமான கேள்வி. முகம் இயல்பா தெரியுறதுக்குக் காரணம் நாம நிக்கிற தூரம். ரொம்பக் கிட்ட போனா மூக்கு பெருசாவும் காது சின்னதாவும் தெரியும். ஒன்றரை, ரெண்டு மீட்டர் தள்ளி நின்னா முகம் சரியா இருக்கும். அந்த தூரத்துல ஃபிரேமை முகத்தாலும் தோளாலும் நிரப்ப ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கு 85 வசதி. கிராப் கேமராவுல 50 லென்ஸே அந்த வேலையைப் பண்ணிடும்: கேனான்ல 1.6 மடங்கு, அதாவது 80 மாதிரி. நிக்கான், சோனியில 1.5 மடங்கு, 75 மாதிரி. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், கேனான்லயும் நிக்கான்லயும் கிடைக்கிற விலை குறைஞ்ச லென்ஸ்கள்ல ஒண்ணு.

இன்னொரு உண்மை: துணி விக்கிற படத்துக்கு எஃப் 1.8 தேவையே இல்லை. காலர்ல இருந்து கைத் தையல் வரைக்கும் எல்லாம் ஷார்ப்பா தெரியணும். அதனால எஃப் 8 வெச்சுத்தான் எடுப்போம். எஃப் 8-ல உங்க 18-55 கிட் லென்ஸும் நல்லாத்தான் எடுக்கும். பின்னணி கரைஞ்சு போற ஃபேஷன் போர்ட்ரெய்ட்டுக்கு மட்டும் 50-ஐ எடுத்து எஃப் 2.8 பக்கம் வெச்சுக்கலாம்.

பாடம் 2: ஓசி லைட்டை முதல்ல பழகுங்க

செலவே இல்லாத லைட் சன்னல். மாடலை சன்னலுக்குப் பக்கவாட்டுல 3 அடி தள்ளி நிக்க வைங்க. எதிர்ப்பக்கம் பெரிய வெள்ளைத் தெர்மாகோல் அட்டை. நிழல் பக்கம் லேசா வெளுக்கும். நிழல் அழுத்தமா வேணும்னா தெர்மாகோலை எடுத்துட்டு கறுப்புச் சார்ட் வைங்க.

வெளிநாட்டுப் புத்தகங்கள்ல "வடக்குப் பார்த்த சன்னல் எப்பவும் மென்மையான ஒளி தரும்"னு இருக்கும். நம்ம ஊருக்கு அது பாதிதான் சரி. கோயம்புத்தூர் 11 டிகிரி வடக்குல இருக்கு. மே, ஜூன், ஜூலையில சூரியன் கிழக்குக்கு வடக்கால உதிச்சு மேற்குக்கு வடக்கால மறையும். காலையிலயும் சாயங்காலமும் வடக்கு சன்னல்லயே நேர் வெயில் விழும். அப்போ என்ன பண்றது? வீட்ல இருக்கிற நாலு முழ வெள்ளை வேட்டியைச் சன்னல்ல கட்டுங்க. அதுதான் உங்க டிஃப்யூசர்.

ஒரு எச்சரிக்கை: சன்னல் வெளிச்சத்துல எடுக்கும்போது டியூப் லைட்டை அணைச்சிடுங்க. ரெண்டு நிறம் கலந்தா துணியோட கலர் கெட்டுடும். மெரூன் சட்டையைப் பார்த்து வாங்கினவருக்குப் பிரவுன் சட்டை வந்தா ரிட்டர்ன்தான். ரிட்டர்ன் வந்தா வியாபாரி அடுத்த தடவை உங்களைக் கூப்பிட மாட்டாரு. அதனால ஒவ்வொரு செட்டுக்கும் முதல் படத்துல ஒரு கிரே கார்டு வெச்சு எடுத்துக்குங்க.

பாடம் 3: முதல் பெரிய செலவு லைட்டுக்கு

சன்னல் வெளிச்சம் மணிக்கு மணி மாறும். முதல் டி-ஷர்ட்டும் இருபதாவது டி-ஷர்ட்டும் ஒரே மாதிரி வரணும்னா ஃபிளாஷ் வேணும். வேண்டியது இவ்வளவுதான்: ஒரு மேனுவல் ஃபிளாஷ் (கோடாக்ஸ் டிடி600 மாதிரி), அதுக்கு ஏத்த டிரிகர், ஒரு ஸ்டாண்ட், 40 இஞ்ச் குடை, ரீசார்ஜ் பண்ற நாலு பேட்டரி, சார்ஜர். மொத்தத்துக்கு 12,000 ரூபாய் ஒதுக்குங்க. விலை மாறிக்கிட்டே இருக்கும், வாங்குற அன்னைக்கு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்க.

ஆரம்ப செட்டிங்: ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, ஷட்டர் 1/125, ஃபிளாஷ் கால் பவர். படம் இருட்டா இருந்தா பவரை ஏத்துங்க, வெளுத்தா இறக்குங்க. கேமராவை மாத்த வேண்டாம்.

முழு உருவம் எடுக்கும்போது குடையை எவ்வளவு தூரத்துல வைக்கணும்? தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் கால் பங்காயிடும். குடை முகத்தோட உயரத்துல, 3 அடி தள்ளி இருந்தா பாதத்துக்குப் போறது முகத்துல விழுற வெளிச்சத்துல கால் பங்குதான். 8 அடி தள்ளி வெச்சா சுமார் 70 சதவீதம் போகும். அதனால முழு உருவத்துக்குக் குடை தள்ளி, முகத்துக்கு மட்டும்னா குடை கிட்ட. கிட்ட வந்தா ஒளி மென்மையாவும் இருக்கும்.

துணியைப் பொறுத்தும் மாத்தணும். பின்னலாடையோட நெசவு தெரியணும்னா லைட்டை நல்லா பக்கவாட்டுல கொண்டு போங்க. கோவை கோரா காட்டன் சேலையில பட்டு இழை மின்னும், அதுக்கு வேட்டி வழியா வர்ற பரந்த ஒளி நல்லது. கறுப்பு டி-ஷர்ட்டுக்குப் பின்பக்கம் ஒரு வெள்ளை அட்டை வெச்சா ஓரம் தனியா தெரியும். அமேசான்ல முதல் படத்துக்குப் பின்னணி சுத்த வெள்ளையா இருக்கணும், பொருள் ஃபிரேம்ல 85 சதவீதம் நிரம்பணும். இதையெல்லாம் ஷூட்டுக்கு முன்னாடியே வியாபாரிகிட்ட பேசிக்குங்க.

மொட்டை மாடியில எடுக்கிறவங்களுக்கு: நம்ம பக்கம் பாலக்காட்டுக் கணவாய் காத்து சும்மா விடாது. ஆடி மாசம் குடை பறந்துரும், கூடவே ஃபிளாஷும். பழைய அரிசிப் பையில மணலை நிரப்பி ஸ்டாண்டுல கட்டுங்க. அந்தப் பத்து ரூபாய் மணல் 12,000 ரூபாய்க்கு இன்ஷூரன்ஸ்.

பாடம் 4: மணிக்கு எவ்வளவு சம்பாதிக்கிறீங்க?

உதாரணமா 20 டிசைன், ஒரு ஷூட்டுக்கு 4,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். போக்குவரத்து 300, உதவிக்கு வர்ற தம்பிக்கு 500, சாமான் ஃபண்டுக்கு 15 சதவீதம், அதாவது 600. கையில நிக்கிறது 2,600.

நேரம்? ஷூட் 7 மணி நேரம், பயணம் 2, எடிட்டிங் 5. மொத்தம் 14. மணிக்கு சுமார் 185 ரூபாய். 35,000 சம்பளத்தை மாசம் 198 மணி நேரத்தால வகுத்தா 177. அதாவது ஞாயித்துக்கிழமையை விட்டுக்கொடுத்து ஆஃபீஸ் ரேட்டைவிட எட்டு ரூபாய்தான் அதிகம்!

இப்போ லைட் ஒரே மாதிரி இருந்தா ஒரு படத்தோட திருத்தத்தை எல்லாத்துக்கும் அப்படியே போடலாம். எடிட்டிங் 5 மணி நேரம் 2 ஆகும்னு வைங்க. மொத்தம் 11 மணி நேரம், மணிக்கு 236. விலையை ஏத்தாமலே வருமானம் ஏறிடுச்சு. 45,000 ரூபாய் லென்ஸ் இதைப் பண்ணாது, 12,000 ரூபாய் லைட் பண்ணும்.

பாடம் 5: ஈ.எம்.ஐ.யா, வாடகையா, சேமிப்பா?

"நோ காஸ்ட்" ஈ.எம்.ஐ.யில வட்டி காணாமப் போறதில்லை, தள்ளுபடியா உள்ள ஒளிஞ்சிருக்கும். 45,000-க்கு 12 மாசம், 15 சதவீத வட்டின்னா வட்டிப் பங்கு சுமார் 3,450. அதுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சுமார் 620 உங்க கையில இருந்துதான் போகும். பிராசஸிங் ஃபீஸ் இருந்தா அது தனி. மொத்தமா பணம் கட்டினா கிடைச்சிருக்கக்கூடிய தள்ளுபடியும் போச்சு.

வாடகைக் கணக்கு: 45,000 லென்ஸை ரெண்டு வருஷம் கழிச்சு 30,000-க்கு வித்தா, வெச்சிருந்ததுக்கான செலவு 15,000. நாள் வாடகை 700-ன்னா 15,000 ÷ 700 = 21 நாள். ரெண்டு வருஷத்துல 21 நாளுக்கு மேல உண்மையா பயன்படுத்துவீங்கன்னா வாங்குங்க. இல்லைன்னா வாடகைதான் லாபம்.

என் வரிசை இது:

1. முதல்ல அவசர நிதி. குறைஞ்சது மூணு மாசச் செலவு தனியா இருக்கட்டும். அதைத் தொட்டு கேமரா வாங்காதீங்க.
2. இருக்கிற கேமரா, கிட் லென்ஸ், தெர்மாகோல், வேட்டி, கிரே கார்டு. 1,500 ரூபாய்க்குள்ள.
3. ஃபிளாஷ் செட், 12,000. மாசம் ரெண்டு ஷூட், சாமான் ஃபண்டுல 1,200 வீதம் பத்து மாசத்துல திரும்பிடும்.
4. அதுக்கப்புறம் சேர்ற ஃபண்டுல செகண்ட் ஹேண்ட் 50 எஃப் 1.8.
5. 85? ஆர்டர் வந்தா வாடகைக்கு.

மாசம் 1,200 சேர்ற ஃபண்டு, 3,750 ஈ.எம்.ஐ.யைத் தாங்காது. மீதி 2,550 உங்க சம்பளத்துல இருந்துதான் போகும். எனக்கு நடந்தது அதுதான்.

செகண்ட் ஹேண்ட் லென்ஸ் வாங்கும்போது செல்ஃபோன் டார்ச்சை ஒரு பக்கம் அடிச்சு மறுபக்கம் பாருங்க. உள்ள சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா அது பூஞ்சை, வேண்டாம். நிக்கான் டி3500, டி5600 மாதிரி கேமரா வெச்சிருந்தா பழைய ஏ.எஃப்.-டி லென்ஸ் விலை குறைவுன்னு எடுத்துடாதீங்க. அந்தக் கேமராவுக்குள்ள ஃபோகஸ் மோட்டார் இல்லை, கையாலதான் ஃபோகஸ் பண்ணணும். நிக்கான்ல ஏ.எஃப்.-எஸ் பார்த்து வாங்குங்க.

மறக்கக் கூடாத ரெண்டு

ஒண்ணு, ஆஃபர் லெட்டரை எடுத்து வேற வேலை பார்க்கலாமான்னு படிங்க. தேவைன்னா எச்.ஆர்.கிட்ட எழுத்துல கேளுங்க. ரெண்டு, இந்த வருமானத்தை வரிக் கணக்குல காட்டணும். தொழில் வருமானம் வந்துட்டா ஐ.டி.ஆர்.-1 போட முடியாது, 3 அல்லது 4-தான். அதனால ஷூட் பணத்துக்குத் தனி அக்கவுண்ட் வைங்க, ஒவ்வொரு பில்லையும் சேர்த்து வைங்க.

இந்த வாரம் வீட்டுப்பாடம்

ஞாயித்துக்கிழமை ஒரு டேப், ஒரு வேட்டி, ஒரு தெர்மாகோல் எடுத்துக்குங்க. உங்க வீட்டு ரூமை அளந்து, மேல சொன்ன சூத்திரத்துல எந்த லென்ஸ் அங்க அடங்கும்னு எழுதுங்க. வீட்ல யாரையாவது சன்னல் பக்கம் நிக்க வெச்சு, ஒரே சட்டையை காலை 8 மணி, மதியம் 12, சாயங்காலம் 5-ன்னு மூணு நேரம் எடுங்க. மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஷாப்பிங் கார்ட்ல இருக்கிற லென்ஸ் இந்த மாசமே வேணுமா, வேண்டாமான்னு அந்த மூணு படமே சொல்லிடும்.

குடை, ஃபிளாஷ் செட்டப்பை நம்ம சேனல் வீடியோவுல 12 அடி ரூமுக்குள்ளயே வெச்சுக் காட்டுறேன். அதுவரைக்கும் கார்டை பர்ஸுக்குள்ளயே வைங்க!