கோலார் தங்க வயல்: ஒரு சுரங்க நகரின் வரலாறு

நகரங்கள் பெரும்பாலும் ஆற்றங்கரையிலோ, துறைமுகத்திலோ, பெருவழிகள் கூடும் இடத்திலோ தோன்றுகின்றன. கோலார் தங்க வயலுக்கு இவற்றுள் எதுவும் பொருந்தாது. கர்நாடகத்தின் கிழக்கு எல்லையை ஒட்டிய அந்த மேட்டுநிலம் மழை குறைந்தது. புன்செய் வேளாண்மைக்கே அரிதில் உதவுவது. நிலத்தடியில் படிகக்கல் பாறையினூடே ஓடிய தங்க இழை ஒன்றே அங்கு நகரம் எழுந்ததற்குக் காரணம். அவ்விழை தீர்ந்த பின் நகரம் எதைக் கொண்டு வாழும் என்ற வினா, சுரங்கம் நடந்த ஏறத்தாழ 120 ஆண்டுகளில் போதிய அளவில் எழுப்பப்படவில்லை.

திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பின் மைசூரின் கிழக்கு எல்லையை அளந்த லெப்டினன்ட் ஜான் வாரன், 1802இல் இப்பகுதி மக்கள் மண்ணை அலசித் தங்கம் எடுப்பதைக் கேள்வியுற்றார். வண்டியில் கொண்டுவரப்பட்ட மண்ணை அலசிப் பார்த்து, அது உண்மையெனக் கண்டார். பழங்காலத்தவர் தோண்டிய குழிகளும் அங்கிருந்தன. எனினும் நவீனச் சுரங்கத்திற்கு வழி திறந்தவர், நியூசிலாந்துப் போரில் பணியாற்றிவிட்டுப் பெங்களூரில் குடியேறிய மைக்கேல் லவேல் என்ற அயர்லாந்துக்காரர். 1875இல் மைசூர் அரசிடம் அவர் உரிமம் பெற்றார். பொருள் வசதியின்மையால், பின்னர் அவ்வுரிமை பிறர் கைக்கு மாறியது.

1880ஆம் ஆண்டையொட்டித் தென்னிந்தியத் தங்கத்தின் பேரால் இலண்டனில் பல கம்பெனிகள் தொடங்கப்பட்டன. வயநாட்டுப் பகுதியில், பந்தலூர், தேவாலா முதலிய இடங்களில் எழுந்த ஆரவாரம் சில ஆண்டுகளில் அடங்கிற்று. கோலாரிலும் அதே முடிவுதான் நேர்ந்திருக்கும். ஜான் டெய்லர் நிறுவனத்தார் நிர்வகித்த மைசூர் சுரங்கத்தில் மூலதனம் பெரும்பாலும் கரைந்துவிட்ட தறுவாயில், பழங்குழிகளுக்குக் கீழே ஆழமாகத் தோண்டியபோது 'சாம்பியன்' இழை தென்பட்டது. மைசூர், சாம்பியன் ரீப், உரிகம், நந்திதுர்க்கம் ஆகிய நான்கு பெருஞ்சுரங்கங்கள் அதன்வழி வளர்ந்தன.

சுரங்கத்தின் தேவைக்காகவே பிற வசதிகள் வந்தன. பௌரிங்பேட்டையிலிருந்து (இன்றைய பங்காருபேட்டை) கிளை இரயில்பாதை வந்தது. பாலாற்று நீர் பேத்தமங்கலத்திலிருந்து குழாய்வழி வந்தது. காவிரியின் சிவசமுத்திர அருவியில் உற்பத்தியான மின்சாரம், ஏறத்தாழ 147 கி.மீ. கடந்து 1902இல் சுரங்கங்களை அடைந்தது. பெங்களூர் நகருக்கு அம்மின்சாரம் கிடைத்ததோ 1905இல்தான். கோடையில் காவிரியில் நீர் குறைந்தாலும் சுரங்கத்திற்கு மின்சாரம் தடைபடலாகாது என்பது, கிருஷ்ணராஜசாகர் அணையைக் கட்டியதற்கான காரணங்களுள் ஒன்று. ஒரு தொழிற்கூடத்தின் தேவை ஓர் ஆற்றின் போக்கையே மாற்றியதற்கு இதனினும் தெளிவான சான்று காண்பது அரிது.

இவ்வளவு வசதிகளும் யாருக்கு என்பது வேறு செய்தி. கார்ன்வால் பகுதியிலிருந்து வந்த ஆங்கிலேயச் சுரங்கப் பணியாளர்க்குப் பங்களாக்களும் மன்றங்களும் இருந்தன. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த கூலித் தொழிலாளர் மூங்கில் தட்டிகளால் அமைந்த வரிசைக் குடிசைகளில் வாழ்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர், தமிழர் மிகுதி. உச்ச காலத்தில் தொழிலாளர் தொகை முப்பதாயிரத்தைத் தாண்டியது. 1930இல் விரல்ரேகைப் பதிவு முறையை எதிர்த்து அவர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர்.

சுரங்கம் 3 கி.மீ.க்கும் மேல் ஆழமாயிற்று. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 65 டிகிரி செல்சியசுக்கு மேல். குளிரூட்டிய காற்றைச் செலுத்தாமல் வேலை நடவாது. அழுத்தம் தாங்காது பாறை திடீரெனச் சிதறும் விபத்துகளில் பலர் மாண்டனர். பாறைத் தூசியால் விளையும் சிலிக்கோசிஸ் எனும் நுரையீரல் நோய், வேலையை விட்ட பின்னரும் தொழிலாளரை வருத்தியது. அறிவியலுக்கு மட்டும் இவ்வாழம் நன்மையாயிற்று: காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ துகள்கள் 1965இல் இங்கு நடந்த ஆய்வில் பதிவாயின.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கிற்று. 1962இல் அவை மத்திய அரசிடம் வந்தன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் அமைந்தது. தொடக்கத்தில் ஒரு டன் தாதுவில் 40 கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம், இறுதியில் 4 கிராமுக்கும் கீழிறங்கிவிட்டது. இதனுடன் மற்றொன்றையும் கருத வேண்டும். அரசுடைமையான பின் பல ஆண்டுகள் இத்தங்கம், உள்நாட்டுச் சந்தை விலைக்கு மிகக் குறைவான சர்வதேச அதிகாரபூர்வ விலையில், அவுன்சு 35 டாலர் என்ற கணக்கில், நாட்டின் கையிருப்புக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆகவே ஏட்டில் கண்ட நட்டம் முழுவதையும் சுரங்கத்தின் குறையாகக் கொள்வது நேர்மையாகாது.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதுவரை எடுக்கப்பட்ட தங்கம் 800 டன்னுக்கு மேல். வீடு, குடிநீர், மின்சாரம், மருத்துவமனை ஆகிய யாவும் கம்பெனியைச் சார்ந்தே நடந்து வந்தமையால், மூடப்பட்டது ஒரு தொழில் மட்டுமன்று. ஒரு நகராட்சி எனின் மிகையன்று. 1964இல் நிறுவப்பெற்ற பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை இங்கு மாற்றுத் தொழிலாக விளங்கிற்று. ஆயினும் ஒரு தொழிற்சாலை நான்கு சுரங்கங்களுக்கு ஈடாகாது. 3 கோடி டன்னுக்கும் மிகுந்த சயனைடு கழிவுமண் குன்றுகளாக நகரின் நடுவே நிற்கிறது. காற்றுக் காலத்தில் அதன் தூசி குடியிருப்புகளில் படிகிறது.

சுரங்கத்திற்கெனப் போடப்பட்ட அதே இரயில்பாதையில், மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலையில் புறப்படும் வண்டிகளில் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். போக ஏறத்தாழ 100 கி.மீ.; வர அதே அளவு. இப்பயணத்தை மேற்கொள்வோருள் பலர் சுரங்கத் தொழிலாளரின் மக்களும் பேரர்களும் ஆவர்.