அண்ணன் இயற்பியல், அண்ணி ஒன்றாம் வகுப்பு

கேள்வி: என் அண்ணன் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். அண்ணி தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறார். "அ, ஆ சொல்லித்தர என்ன பெரிய படிப்பு? பத்தாவது முடித்த யாரும் செய்யலாம்" என்பது அண்ணன் கட்சி. "முப்பது பிள்ளைகளோடு ஒரு நாள் இருந்து பாருங்கள், தெரியும்" என்பார் அண்ணி. யார் பக்கம் நியாயம்?
– வாசகி, தென்காசி

பதில்: அண்ணி கோபித்துக்கொள்ள வேண்டாம், அவர் வாதம் பலவீனம். முப்பது பிள்ளைகளைச் சமாளித்தால் தொண்டை கட்டிப்போகும், சரி. நாள் முழுக்க ரேஷன் கடை வரிசையில் நின்றாலும் அலுப்புத்தான். அலுப்பு வேலையின் சுமையைக் காட்டும். அதற்குத் தனித் தேர்ச்சி வேண்டும் என்று நிரூபிக்காது.

அண்ணன் வாதம் அதைவிட மோசம். தனக்குத் தெரிந்ததெல்லாம் சொல்லித்தரவும் வரும் என்று நினைக்கிறார். சரளமாகப் படிக்கிறவர்களுக்குத் தாங்கள் ஏறிவந்த படிகள் மறந்துபோகும். 'கொ'வையே பாருங்கள். காதில் முதலில் விழுவது 'க்'. கண்ணில் முதலில் படுவது கொம்பு, அப்புறம் 'க', கடைசியில் கால். ஐந்து வயதுப் பிள்ளை அதைக் 'கெ' என்று படித்துவிட்டுக் காலை என்ன செய்வதென்று விழித்தால், மந்தம் என்று சொல்லிவிட முடியுமா?

கணக்கும் இப்படித்தான். 52-இல் 17 போக 45 என்று ஒரு பிள்ளை எழுதுகிறது. அண்ணன் சிவப்பு மையால் சுழித்துவிட்டு அடுத்த நோட்டை எடுப்பார். பழகிய ஆசிரியைக்கு அந்த 45 எப்படி வந்ததென்று தெரியும். பெரிய எண்ணிலிருந்துதான் சின்னதைக் கழிக்க வேண்டும் என்று யாரோ சொன்னதைப் பிள்ளை அப்படியே பிடித்துக்கொண்டு, 7-இல் 2-ஐக் கழித்திருக்கிறது. இன்னும் பத்துக் கணக்கு கொடுத்தாலும் இதே தப்பு வரும். பத்துக் குச்சிக் கட்டு ஒன்றை அவிழ்த்துக் காட்ட வேண்டும்.

இந்தச் சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது. பி.எட். முடித்தவர்களும் ஐந்தாம் வகுப்பு வரை எடுக்கலாம், சேர்ந்தபின் ஆறு மாதப் பயிற்சி போதும் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2018-இல் அறிவித்தது. 2023 ஆகஸ்டில் அது செல்லாது என்று தீர்ப்பு வந்தது. சின்ன வகுப்புதான் கடினம் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அதற்கான பயிற்சி வேறு, பி.எட். அதைத் தருவதில்லை என்றது.

அண்ணிக்குப் பிளஸ் டூ இயற்பியல் எடுக்க வராது, உண்மை. அதை வைத்து அவர் வேலையை எளிதென்று சொல்ல முடியாது. என் ஓட்டு அண்ணிக்கே. அடுத்த முறை வாதம் வந்தால் அலுப்பைப் பேசாமல் அந்த 45-ஐப் பேசச் சொல்லுங்கள்.