கடற்கரையும் தொற்றுநோயும்

ஊர் என்பது வீடுகளின் தொகுதி மாத்திரம் அன்று. வீடுகளுக்குப் புறம்பே எல்லார்க்கும் உரியதாய்க் கிடக்கும் வெளியும் அதன் உறுப்பேயாம். அவ்வெளியைப் பழந்தமிழ் நூல்கள் மன்றம் என்றும் பொதியில் என்றும் வழங்கும். இந்நாளில் அதன் தொழிலைப் பூங்காக்களும் கடற்கரைகளும் செய்து வருகின்றன. தொற்றுநோய் பரவுங்காலத்து அவற்றை அடைத்தல் தகுமோ, திறந்து வைத்தல் தகுமோ என்னும் வினாவைச் சென்னை மெரினாக் கடற்கரையில் நிகழ்ந்தவற்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

கவர்னர் கிராண்ட் டஃப் காலத்தில், 1884ஆம் ஆண்டளவில், உலாவுசாலை அமைக்கப்பெற்று மெரினா என்னும் பெயர் பெற்றது இக்கரை. செல்வரும் வறியரும் கட்டணமின்றி ஒருங்கே நுகரும் இன்பம் சென்னையில் இதனினும் பெரிது வேறில்லை. கோவிட் நோய் பரவத் தொடங்கிய 2020 மார்ச்சு மாதத்தில் இது அடைக்கப்பெற்றது. டிசம்பர் 14ஆம் நாளே மீண்டும் பொதுமக்களுக்குத் திறக்கப்பெற்றது. இடைப்பட்ட காலம் ஏறத்தாழ ஒன்பது திங்கள்.

அடைத்தோர் கூறும் காரணத்தை முதற்கண் நோக்குவாம். நோயோ புதியது, தடுப்பூசியோ அவ்வாண்டில் நம் நாட்டு மக்கட்கு எட்டவில்லை. விடுமுறை நாளில் மெரினாவிற் கூடுவோர் பல்லாயிரவர். கூட்டம் என் செய்யும் என்பதைக் கோயம்பேட்டு அங்காடி காட்டிற்று. அங்குக் கூடியோர் வழியாக நோய் பல மாவட்டங்களுக்கும் பரவ, 2020 மே 5ஆம் நாள் அங்காடி மூடப்பெற்றது. ஆதலின் அடைத்தோரின் அச்சம் வெற்றச்சம் அன்று.

ஆயினும் அங்குப் பின்னர் நிகழ்ந்ததையும் நோக்குதல் வேண்டும். காய்கறி வாணிகம் அறவே நிறுத்தப்பெற்றதா? இல்லை. திருமழிசையில் அகன்ற வெளிக்கு மாற்றப்பெற்றது. உணவின்றி மக்கள் வாழார் என்பது தெளிவாகலின், மூடுதலும் திறத்தலும் அல்லாத மூன்றாம் வழி ஒன்று காணப்பட்டது. காற்றும் நடையும் மக்கட்கு இன்றியமையாதன அல்லவோ? அவற்றுக்கு அத்தகைய வழி ஏன் காணலாகாது?

இனி, நோய் பரவும் இயல்பைக் காண்போம். நோயுற்றோர் மூச்சினும் பேச்சினும் இருமலினும் வெளிப்படும் நுண்துளிகளே கிருமியைச் சுமந்து செல்வன. அடைத்த அறையில் அவை நெடும்பொழுது தங்கும். திறந்த வெளியிலோ காற்றிற் சிதறிப்போம். சீன நாட்டில் 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நோயுற்ற 7,324 பேரின் வரலாற்றை ஆராய்ந்தோர், வெளியிடத்துத் தொற்றிய நிகழ்ச்சி ஒன்றே ஒன்றைக் கண்டனர். அக்காலத்து ஆண்டு மக்கள் வெளியே உலாவியது குறைவு என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. எனினும் வீட்டகத்தினும் வெளியிடம் அச்சங் குறைந்தது என்பதற்கு ஐயமில்லை.

அந்நாளில் யான் பள்ளி மாணவன். எம் வீடு ஓர் அறையும் சமையற்கட்டும் உடையது. அதில் வாழ்வோர் ஐவர். நீரிழிவு நோயுடைய என் பாட்டனார் நாடோறும் வைகறையில் மெரினாவில் நடந்து வருவார். கரை அடைபட்டபின் அவர் உலகம் கட்டிலுக்கும் வாயிற்படிக்கும் இடையே சுருங்கிற்று. அறையில் ஒருவர் இருமினால் அவ்விருமல் ஐவர்க்கும் பொதுவாயிற்று. மாடியும் தோட்டமும் உடையார்க்கு அவ்வடைப்பு ஓய்வாயிருந்திருக்கலாம். எம்மனோர்க்கு அது சிறையே. மணலில் சுண்டலும் சோளமும் விற்றுப் பிழைத்தோர்க்கோ அது பசி. ஒரே ஆணை எல்லார்க்கும் ஒரே சுமையாவதில்லை என்பதை அன்று உணர்ந்தேன்.

மூன்றாம் வழி எத்தகையது? நியூயார்க்கு நகரில் 2020ஆம் ஆண்டிற் சிறுவர் ஊஞ்சலாடும் இடங்களை மூடினர். பெரும் பூங்காக்களை மூடவில்லை. அந்நகரின் டாமினோ பூங்காவில் மே மாதத்திற் புல்தரைமேல் வெண்வட்டங்கள் வரைந்து, ஒரு வட்டத்துள் ஒரு குடும்பத்தார் அமருமாறு செய்தனர். நம் சென்னையும் பின்னர் இவ்வழியைக் கைக்கொண்டது. 2022 ஜனவரியில் நோய் மீண்டும் பெருகியபோது, மெரினா மணற்பரப்பிற் செல்லுதல் தடுக்கப்பெற்றது. நடைபாதையில் நடப்போர்க்கு இசைவு தரப்பெற்றது. இரண்டாண்டு பட்ட துன்பம் தந்த அறிவு இது எனலாம்.

ஆகவே, ‘திறப்பதா, அடைப்பதா’ என்பது பிழைபட்ட வினா. ‘எத்துணைப் பேர், எத்துணை இடைவெளியில், எத்துணைப் பொழுது?’ என்பதே உரிய வினா. வைகறையில் நடப்போர்க்கு ஒரு நேரம், முதியோர்க்கு ஒரு நேரம் என வகுக்கலாம். கூட்டம் மிகும் திருநாளில் மாத்திரம் தடுக்கலாம். இதற்குக் காவல் மிகுதியும் வேண்டுமே எனின், உண்மையே. அடைத்தற்குக் கயிறு ஒன்று போதும். அளவறிந்து திறத்தற்கோ மக்களின் ஒழுக்கமும் உடன் வேண்டும். இடைவெளி விட்டு நிற்க நாம் கற்றிலேமாயின், கயிற்றைக் கட்டியோரைக் குறை கூறும் உரிமை நமக்கு இல்லை.

அந்த ஜனவரியில் ஒரு காலைப்பொழுது என் பாட்டனார் முகக்கவசம் அணிந்து நடைபாதையில் மெல்ல நடந்தார். மணலை மிதித்தாரல்லர், அலையோசையை மாத்திரம் கேட்டு மீண்டார். அன்று அவர்க்கு அதுவே போதியதாயிருந்தது.