அறுபடுவது ஒரே அளவு, ஒட்டுவதில்தான் வேறுபாடு

நம்பிக்கை: கதிர்வீச்சைத் தாங்காதவர் உடலில் கதிர் கூடுதலான சேதம் செய்கிறது.

உண்மை: ஒரு கிரே (கதிர் அளவின் அலகு) எக்ஸ் கதிர் பட்டால், மனித செல் ஒன்றின் டி.என்.ஏ.யில் இரண்டு இழைகளும் சேர்ந்து அறுபடும் முறிவுகள் ஏறத்தாழ 20 முதல் 40 வரை விழும். தாங்குபவருக்கும் தாங்காதவருக்கும் இது ஒன்றுதான். அறுந்ததை செல் எப்படி ஒட்டுகிறது என்பதில்தான் வேறுபாடு.

அடாக்சியா டெலான்ஜியெக்டேசியா என்ற பரம்பரை நோய் உள்ள குழந்தைகளுக்கு நடை தள்ளாடும், கண்ணின் வெண்பகுதியில் ரத்த நாளங்கள் படரும், நிணநீர்ப் புற்றும் எளிதில் வரும். 1960களில் அந்தப் புற்றுக்கு வழக்கமான அளவில் கதிர் சிகிச்சை பெற்ற சில குழந்தைகள் கடுமையான பாதிப்புக்குள்ளாகி இறந்தார்கள். அளவில் பிழை இல்லை. 1975இல்தான் விடை தெரிந்தது: ஆய்வகத்தில் வளர்த்த அவர்களுடைய தோல் செல்களே கதிரில் எளிதாக மடிந்தன. 1995இல் இஸ்ரேலின் யோசெஃப் ஷைலோ குழு காரணமான மரபணுவை 11ஆம் குரோமோசோமில் கண்டுபிடித்தது. ஏடிஎம் என்று பெயர். முறிவு விழுந்ததும் மற்றப் புரதங்களை எச்சரித்து, செல் பிரிவதை நிறுத்திவைப்பது இதன் புரதம்தான்.

நம்பிக்கை: நோய் எதிர்ப்புச் சக்திக்கும் கதிரைத் தாங்குவதற்கும் சம்பந்தமில்லை.

உண்மை: நெருங்கிய சம்பந்தம் உண்டு. இந்தத் துறையில் என்னை மிகவும் வியக்க வைப்பதும் இதுதான். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மெல்வின் போஸ்மா குழு 1983இல் எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றிய ‘ஸ்கிட்’ எலியை அறிவித்தது. அந்த எலியின் செல்கள் கதிரையும் தாங்கவில்லை என்பது பின்னர் தெரிந்தது. எண்ணற்ற கிருமிகளுக்கு ஈடுகொடுக்க, நோய் எதிர்ப்புக்கான பி, டி செல்கள் தம் டி.என்.ஏ.யைத் தாமே வெட்டி, புதுப்புது வரிசையில் ஒட்டிக்கொள்கின்றன. அப்படி ஒட்டும் புரதங்களே கதிர் அறுத்ததையும் ஒட்டுகின்றன. அவற்றுள் ஒன்றான டி.என்.ஏ.–பி.கே. ஸ்கிட் எலியில் பழுது. ஒரே குறை, இரண்டு விளைவு.

நம்பிக்கை: வெயில் ஆகாதவருக்கு எக்ஸ் கதிரும் ஆகாது.

உண்மை: புற ஊதாக் கதிர் செய்யும் சேதம் வேறு, அதைச் சீர்செய்யும் மரபணுக்களும் வேறு. வெயிலில் தோல் புற்று வரும் சீரோடெர்மா பிக்மென்டோசம் நோயாளிகளின் செல்கள் பெரும்பாலும் எக்ஸ் கதிரை மற்றவர்களைப் போலவே தாங்குகின்றன.

நம்பிக்கை: ஏடிஎம் மரபணுவில் பழுது என்றாலே கதிர் சிகிச்சை கூடாது.

உண்மை: தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்த பிரதிகள் பழுதானால்தான் அடாக்சியா டெலான்ஜியெக்டேசியா வரும். சொந்தத்தில் திருமணம் செய்யும் குடும்பங்களில் இந்த வாய்ப்பு கூடுதல். ஒரு பிரதி மட்டும் பழுதானவர்களுக்குப் பொதுவாகக் கதிர் சிகிச்சை மறுக்கப்படுவதில்லை. மரபணுவில் பழுது என்று கேட்டுப் பயந்து புற்றுநோயைச் சிகிச்சையின்றி விடுவதே பேராபத்து. ஆனால் தள்ளாடி நடக்கும் குழந்தைக்குப் புற்று என்றால், கதிர் கொடுக்கும் முன்பே மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். ரத்தத்தில் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் என்ற புரதம் கூடியிருக்கிறதா என்று பார்த்தாலே சந்தேகத்துக்கு ஒரு தடயம் கிடைக்கும்.