‘சங்க்ரே’: இரத்தத்தைக் குறிக்கும் சொல்லும் அதன் பயன்பாடும்

ஸ்பானிய மொழியில் இரத்தம் ‘சங்க்ரே’ எனப்படும். ‘சங்கம்’ என்று சொல்லத் தொடங்கி, ‘சங்க்’ என்ற இடத்தில் நிறுத்தி, ‘ரே’ சேர்த்தால் உச்சரிப்பு ஏறக்குறைய அமைந்துவிடும். இது பெண்பாற் சொல். ஆகவே ‘லா சங்க்ரே’ என்பதே வழக்கு. அளவைச் சொல்லும்போதும் ‘முச்சா’ (நிறைய), ‘போகா’ (கொஞ்சம்) என்ற பெண்பால் வடிவங்களே பொருந்தும்.

மருத்துவரிடம் இச்சொல்லை மட்டும் சொன்னால் போதாது. இரத்தம் எங்கிருந்து வருகிறது என்பதே அவர் அறிய விரும்புவது. அதற்குரிய வாக்கியம் ‘மே சாலே சங்க்ரே’. ‘எனக்கு இரத்தம் வருகிறது’ என்று தமிழில் சொல்வது போலவே ஸ்பானியமும் இங்கே நான்காம் வேற்றுமையில் தொடங்குவதால், தமிழருக்கு இது எளிதில் மனத்தில் தங்கும். இதனுடன் இடத்தையோ வேளையையோ சேர்க்க வேண்டும். மூக்கிலிருந்து எனில் ‘தே லா நாரீத்’. இருமும்போது ‘அல் தோசேர்’. சிறுநீர் கழிக்கும்போது ‘அல் ஒரினார்’. மலத்தில் ‘என் லாஸ் ஏதெஸ்’. நாரீத், ஏதெஸ் போன்ற சொற்களில் ஸ்பெயினில் ‘த’ என ஒலிப்பதை, இலத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த தாதியர் ‘ஸ’ என ஒலிப்பர்.

மலம் தார்போலக் கறுத்திருந்தால் ‘ஏதெஸ் நேக்ராஸ்’ என்று தவறாமல் கூற வேண்டும். சிவப்பு தெரியாவிட்டாலும் இரைப்பையில் இரத்தம் கசிவதன் அடையாளமாக அது இருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்பதால், அதை உட்கொள்வோர் அதனையும் சொல்வது நல்லது.

முதியோர் பலர் மகளையோ பேரனையோ மொழிபெயர்க்க அழைத்துச் செல்கின்றனர். பேரன் முன்னிலையில் மலத்தைப் பற்றிப் பேசக் கூசி, ‘வயிற்று வலி’ என்று மட்டும் சொல்லித் திரும்புவதும் உண்டு. மருத்துவர் கேளாத செய்திக்குப் பரிசோதனை எழுத முடியாது. மேற்கண்ட வாக்கியத்தைத் தாமே சொல்லப் பழகலாம். தாளில் எழுதியும் கொடுக்கலாம். முன்பதிவின்போதே ‘நெதெசீத்தோ இந்தேர்ப்ரெத்தே’ என்று மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பார்க்கலாம்.

‘தெஸ்தே குவாந்தோ?’ என்பது ‘எப்போதிருந்து?’ என்ற கேள்வி. நேற்று முதல் எனில் ‘தெஸ்தே ஆயேர்’. இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோர் ‘தோமோ ஆந்திகோவாகுலாந்தெஸ்’ என்பதை முதலிலேயே தெரிவிக்க வேண்டும். கர்ப்பிணிக்கு இரத்தப்போக்கு ஏற்பட்டால் ‘எஸ்தோய் எம்பராதாதா இ சங்க்ரோ’ எனச் சொல்ல வேண்டும். இரத்தம் நிற்காமல் பெருகினால் மருத்துவ நேரத்துக்குக் காத்திராமல் 112 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

இரத்தப் பரிசோதனை ‘அனாலிசிஸ் தே சங்க்ரே’. பேச்சில் பெரும்பாலும் ‘அனாலீத்திகா’. சீட்டில் ‘என் ஆயூனாஸ்’ என்றிருந்தால் வெறும் வயிற்றுடன் செல்ல வேண்டும். காலைத் தேநீரும் கூடாது; தண்ணீர் பொதுவாக அருந்தலாம்.

உணவகத்திலும் இச்சொல் உதவும். ‘யேவா சங்க்ரே?’ என்றால் ‘இதில் இரத்தம் சேர்ந்துள்ளதா?’ என்று பொருள். பூர்கோஸ் நகரின் புகழ்பெற்ற ‘மோர்தீயா’, அரிசியும் பன்றி இரத்தமும் சேர்த்த குடல் அடைப்பு. பெயரில் இரத்தம் தெரியாது. பெயரிலேயே இரத்தத்தைத் தாங்கிய ‘சங்க்ரீயா’வில் இருப்பதோ திராட்சை மதுவும் பழத் துண்டுகளுமே.