வாயில்லா ஜீவன் படுத்துவிட்டால்: பதற்றத்தைச் சமாளிக்கப் பயனுள்ள குறிப்புகள்

வீட்டு நாய் இரண்டு வேளை தட்டைத் தொடாவிட்டால் அந்த வீட்டு மனிதர்களுக்கும் சோறு இறங்காது. பூனை பீரோவுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டால் யாருக்கும் வேலை ஓடாது. குழந்தை என்றால் வயிற்றைத் தொட்டுக் காட்டி அழும். இதுகளுக்கு அது முடியாது. உள்ளே என்ன செய்கிறது என்று தெரியாத தவிப்புதான் நம்மை விடிய விடிய உட்கார வைக்கிறது. 'கவலைப்படாதே' என்று சொல்வதால் அந்தத் தவிப்பு போகாது. எதைப் பார்க்க வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தால் குறையும். நாய், பூனை வளர்க்கும் வீடுகளுக்காக இந்தக் குறிப்புகள்.

1. உடனே ஓட வேண்டுமா, காலைவரை பொறுக்கலாமா? முதலில் இதை முடிவு செய்யுங்கள். மூச்சு வாங்கி ஈறு வெளுத்தாலோ நீலம் பாரித்தாலோ நேரம் கடத்தக் கூடாது. ஆண் பூனை திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டால், அது மலச்சிக்கல் என்று நினைத்துவிடாதீர்கள். குழாய் அடைத்திருக்கலாம், ஒரு நாள் தாமதம்கூட உயிருக்கு ஆபத்து. பெரிய உடம்புள்ள நாய்க்கு வயிறு உப்பி, ஓங்கரித்தும் ஒன்றும் வெளியே வராவிட்டால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அதற்கு மணிக்கணக்குதான் அவகாசம். வலிப்பு 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ ஒரே நாளில் மறுபடி வந்தாலோ கிளம்ப வேண்டியதுதான். (வலிப்பின்போது சாவிக்கொத்தைத் திணிப்பது, வாயைப் பிளப்பது எதுவும் வேண்டாம். சுற்றியுள்ள பொருள்களை நகர்த்திவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.) தடுப்பூசி முடியாத குட்டி வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாக இருந்தால் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம்; காத்திருக்காதீர்கள். கருத்தடை செய்யாத பெண் நாய், பருவம் முடிந்து சில வாரங்களில் தண்ணீராகக் குடித்துச் சோர்ந்து கிடந்தால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். இவற்றில் எதுவும் இல்லாமல், ஒரு வேளை மட்டும் சாப்பிடவில்லை, ஆனால் தண்ணீர் குடிக்கிறது, கூப்பிட்டால் வாலாட்டுகிறது என்றால் பெரும்பாலும் காலைவரை பொறுக்கலாம். குட்டிக்கும் வயதானதுக்கும் ஏற்கெனவே நோய் உள்ளதற்கும் இந்தச் சலுகை கிடையாது.

2. மூச்சை எண்ணுங்கள். நன்றாகத் தூங்கும்போது விலா ஏறி இறங்குவது ஒரு கணக்கு. முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். நாயானாலும் பூனையானாலும் 30-க்குள் இருப்பது நல்லது. மீண்டும் மீண்டும் அதைத் தாண்டினால் டாக்டரிடம் சொல்லுங்கள். நாக்கைத் தொங்கப் போட்டு இரைக்கும்போது எண்ணுவதில் பயனில்லை. இந்த ஒரு நிமிடம் உங்களுக்கும் மருந்துதான். எண்ணிக்கொண்டிருக்கும் மனசால் அதே நேரத்தில் மோசமானதைக் கற்பனை செய்ய முடியாது.

3. மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல் என்பது தவறான நம்பிக்கை. டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை அதற்கென்றே வாங்கி வையுங்கள். முனையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. நமக்கு 101 காய்ச்சல், அதற்கு அது சுகம். 104-ஐத் தொட்டால் போன் செய்யுங்கள். 99-க்குக் கீழே இறங்குவதும் நல்லதல்ல. ஈறை விரலால் அழுத்தி விட்டால் 2 விநாடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். ஈறு கறுத்த நாய்களுக்குக் கீழ் இமையை இழுத்து உட்புறத்தைப் பாருங்கள்.

4. ஒரு நோட்டு போடுங்கள். பதற்றத்துக்கு இதைவிட நல்ல மாற்று எனக்குத் தெரிந்து இல்லை. எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டது, எவ்வளவு தண்ணீர், வாந்தி எந்த நிறம், சிறுநீர் போனதா, எந்த மாத்திரை எப்போது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும். எங்கள் வீட்டுப் பூனைக்குச் சிறுநீரகம் கெட்டிருந்த காலத்தில் பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தோம். யார் மருந்து கொடுத்தாலும் அதில் நேரம் எழுதுவார்கள். 'நீ கொடுத்தியா, நான் கொடுத்தேனா' என்ற சண்டை அதோடு நின்றது. இன்னொரு பயனும் உண்டு. பயந்த மனசுக்கு எல்லா நாளும் மோசமான நாளாகவே தோன்றும். நேற்று நான்கு முறை வாந்தி, இன்று ஒரு முறை என்று எழுத்தில் பார்க்கும்போதுதான் தேறிவருவது கண்ணுக்குத் தெரியும். இருமல், நொண்டல், வலிப்பு போன்றவற்றை செல்போனில் படம் பிடித்து வையுங்கள். ஆஸ்பத்திரி மேஜையில் ஏற்றியதும் நாயும் பூனையும் ஒன்றுமே நடக்காததுபோல நிற்கும்.

5. டாக்டரிடம் கேட்க வேண்டியதை எழுதிக்கொண்டு போங்கள். அங்கே போனதும் பாதி மறந்துவிடும். என்ன சந்தேகப்படுகிறீர்கள்? எந்தப் பரிசோதனை அவசியம்? எத்தனை நாளில் முன்னேற்றம் தெரிய வேண்டும்? எதைப் பார்த்தால் திரும்ப ஓடி வர வேண்டும்? இவற்றில் மூன்றாவது கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். நம் ஊரில் அதிகம் பார்க்கும் உண்ணிக் காய்ச்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். பழுப்பு உண்ணி கடித்து 'எர்லிக்கியா' கிருமி ஏறிய நாய்க்கு ரத்தத் தட்டணுக்கள் குறையும், சிலதுக்கு மூக்கில் ரத்தம் வரும். டாக்ஸிசைக்ளின் தொடங்கினால் பெரும்பாலான நாய்கள் இரண்டு மூன்று நாளில் எழுந்து தட்டைத் தேடும். ஆனால் மாத்திரை நான்கு வாரம்வரை நீளும். இது தெரியாதவர் முதல் நாளே 'இன்னும் எழவில்லையே' என்று வேறு டாக்டரைத் தேடி அலைவார், அல்லது எழுந்ததும் மருந்தை நிறுத்திவிடுவார். பார்வோ வந்த குட்டிக்கு முதல் மூன்று நான்கு நாள்தான் கண்டம். குளூக்கோஸ் ஏற்றி அதைக் கடத்திவிட்டால் பிழைக்கும் நம்பிக்கை நன்றாகவே உண்டு. எதுவரை பயப்பட வேண்டும் என்று தெரிவதே பெரிய ஆறுதல்.

6. நம் மருந்து டப்பாவைத் திறக்காதீர்கள். ஏதாவது செய்தாக வேண்டும் என்ற தவிப்பில் கை அங்கேதான் போகும். பூனைக்கு ஒரே ஒரு பாரசிட்டமால் மாத்திரைகூட உயிரை எடுக்கும். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பூண்டும் வெங்காயமும் அரைத்துப் புகட்டும் கை வைத்தியம் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவினால் தோல் வெந்துபோகும், நக்கினால் விஷம்.

7. சாப்பிடவில்லை என்று வாயைப் பிளந்து திணிக்காதீர்கள். வாந்தி எடுக்கும் பிராணிக்குச் சிரிஞ்சில் கஞ்சி புகட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும். உணவை லேசாகச் சூடு செய்து வாசனை வரும்படி வையுங்கள், கால் மணி நேரம் பாருங்கள், எடுத்துவிடுங்கள். பூனை விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள்: இரண்டு நாள் பட்டினி கிடந்தால், அதுவும் குண்டுப் பூனையானால், கல்லீரலில் கொழுப்பு படிந்து புதிய நோயே வந்துவிடும்.

8. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டு எழுப்பிப் பார்ப்பதை நிறுத்துங்கள். நோயாளிக்குத் தூக்கம் வேண்டும். இரவு 11, 2, 5 என்று அலாரம் வைத்து அப்போது மட்டும் பாருங்கள். வீட்டில் இரண்டு பேர் இருந்தால் முறை போட்டுக்கொள்ளுங்கள். நடுவில் செல்போனில் அறிகுறியைத் தட்டித் தேடாதீர்கள். எந்த அறிகுறியைத் தட்டினாலும் நாலாவது வரியில் புற்றுநோய் வந்து நிற்கும். தோன்றும் சந்தேகத்தை நோட்டில் எழுதிவிட்டுப் படுங்கள், காலையில் டாக்டரைக் கேட்கலாம்.

9. அதன் பக்கத்தில் போவதற்கு முன் உங்கள் மூச்சைச் சீராக்குங்கள். 2019-ல் ஸ்வீடனின் லின்ஷாப்பிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு மேய்ப்பு இன நாய்களின் முடியையும் அவற்றை வளர்ப்பவர்களின் தலைமுடியையும் சோதித்தார்கள். மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசால் வளர்ப்பவரிடம் கூடியிருந்தால் நாயிடமும் கூடியிருந்தது. 'என்னால்தான் இதுக்கு இப்படி' என்று எடுத்துக்கொள்ள இதைச் சொல்லவில்லை. நீங்கள் அமைதியாவது அதற்கும் செய்கிற உபகாரம் என்பதற்காகச் சொல்கிறேன். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். ஐந்து நிமிடம் இப்படிச் செய்தபடியே கழுத்திலிருந்து முதுகுவரை ஒரே சீராகத் தடவிக் கொடுங்கள். அழுகை வந்தால் அடுத்த அறைக்குப் போய் நன்றாக அழுதுவிட்டு வாருங்கள்.

10. 'முன்னாடியே கவனிச்சிருக்கணும்' என்று உங்களையே அடித்துக்கொள்ளாதீர்கள். வலியை மறைப்பது பிராணிகளின் இயல்பு. பலவீனத்தைக் காட்டினால் காட்டில் பிழைக்க முடியாது. பூனையின் சிறுநீரகம் ஏறக்குறைய முக்கால் பங்கு செயலிழந்த பிறகுதான் வழக்கமான ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறும். ஆய்வுக்கூடத்துக்கே அவ்வளவு தாமதமாகத் தெரிவது உங்கள் கண்ணுக்கு முன்பே தெரிந்திருக்க முடியாது.

11. தடுப்பூசி போடாத நாய் திடீரெனக் குணம் மாறி, எச்சில் ஒழுக, தண்ணீரை விழுங்கத் திணறினால், 'தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கு' என்று வாய்க்குள் கை விடாதீர்கள். வெறிநோயாக இருக்கலாம். தனியாக அடைத்துவிட்டு டாக்டரை அழையுங்கள். எந்த நாய், பூனை கடித்தாலும் நகம் கீறினாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஊசி அங்கே இலவசம். மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் சந்தேகம் இருந்தால் நாயின் சிறுநீரைக் கையுறை போட்டுத் துடையுங்கள்.

12. சுத்தம் செய்வதும் மனசுக்கு நல்லது, சரியான பொருளால் செய்தால். பார்வோ கிருமி வீட்டில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தரையை முதலில் சோப்பால் கழுவி, துணி வெளுக்கும் பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் முப்பது பங்கு கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பூனை இருக்கும் வீட்டில் பினாயில் வேண்டாம். பாதத்தில் பட்டு நக்கினால் நஞ்சு.

13. 'நாய்க்குப் போய் இவ்வளவா?' என்று கேட்பவர்களுக்கு விளக்கம் சொல்லி உங்கள் சக்தியை வீணாக்காதீர்கள். 'ஆமாம், எங்களுக்கு அவ்வளவுதான்' என்று முடித்துவிடுங்கள். அமெரிக்காவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மேரி பெத் ஸ்பிட்ஸ்நாகல் குழுவினர் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், கடும் நோயுள்ள பிராணியைப் பராமரிப்பவர்களிடம் மன அழுத்தமும் பதற்றமும் சோர்வும் மற்ற வளர்ப்பாளர்களைவிடக் கூடுதலாக இருந்தன. நீங்கள் படுகிற பாடு நிஜமானது. புரிந்துகொள்கிற ஒருவர், பிராணி வளர்க்கும் பக்கத்து வீட்டு அக்காவாகவோ நண்பராகவோ இருந்தால், அவரிடம் மட்டும் பேசுங்கள்.

14. பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். 'ஊருக்கு அனுப்பிட்டோம்' என்ற பொய் பின்னால் அதிகம் வலிக்கும். 'உடம்பு சரியில்லை, டாக்டர் பார்க்கிறார், சரியாகுமா என்று இன்னும் தெரியாது' என்று சொல்லுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்புவது போன்ற ஒரு சின்ன வேலையை அவர்கள் பொறுப்பில் விடுங்கள்.

15. செலவைப் பற்றிக் கேட்க வெட்கப்படாதீர்கள். 'முதல் நாளுக்கு எவ்வளவு ஆகும், தொடர்ந்தால் எவ்வளவு?' என்று ஆரம்பத்திலேயே கேளுங்கள். ஊரில் 'மாட்டாஸ்பத்திரி' என்று சொல்லும் அரசுக் கால்நடை மருத்துவமனைகளில் நாய், பூனைக்கும் பார்ப்பார்கள். பெரிய சிகிச்சைக்குச் சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகளிலும் சிகிச்சைப் பிரிவு உண்டு. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

16. தேறாத நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டால், வைத்திருப்பதா, ஊசி போட்டு நிம்மதியாக அனுப்பிவிடுவதா என்ற கேள்வி வரும். அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த அளவுகோல் இங்கே கைகொடுக்கும். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், நல்ல நாள்கள் கெட்ட நாள்களைவிட அதிகமா என்ற ஏழுக்கும் 10-க்கு மதிப்பெண் போடுங்கள். ஒவ்வொன்றிலும் நல்ல நிலைக்குத்தான் அதிக மதிப்பெண். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் அது இன்னும் ஓரளவு சுகமாக வாழ்கிறது. வீட்டில் ஆளுக்கு ஒரு தாளில் தனித்தனியாகப் போட்டு ஒப்பிடுங்கள். அன்பு அதிகமானவர் வலியைக் குறைத்துக் காண்பார், பயம் அதிகமானவர் கூட்டிக் காண்பார். ஒரே நாள் கணக்கை வைத்து முடிவெடுக்காமல் ஒரு வாரம் பாருங்கள். வலி தாங்க முடியாததாக இருந்தால் மட்டும் அந்த ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம்.

17. பிராணி தேறிய பிறகும், அல்லது போன பிறகும், இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, நெஞ்சு படபடக்கிறது, வேலையில் மனம் ஒட்டவில்லை என்றால் 'டெலி மானஸ்' 14416-ஐ அழையுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், எந்நேரமும் கிடைக்கும், தமிழில் பேசலாம். காரணம் நாய் என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

18. தேறிய வாரத்திலேயே ஒரு பை தயார் செய்து வையுங்கள்: தடுப்பூசி அட்டை, பழைய ரிப்போர்ட்டுகள், சங்கிலி, வாய்க்கட்டு, இரண்டு பழைய துண்டு, பூனை என்றால் மூடிபோட்ட கூடை. இரவு திறந்திருக்கும் ஆஸ்பத்திரி எது என்று இப்போதே போன் செய்து கேட்டு எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள். முக்கியமாக, நாயை ஏற்றிக்கொள்ளச் சம்மதிக்கும் ஆட்டோக்காரர் ஒருவரைத் தெரிந்து வைத்திருங்கள். பல பேர் மறுத்துவிடுவார்கள், நடுராத்திரியில் தேடினால் கிடைக்க மாட்டார்.